ஹாலோவீன் இரவில் வீட்டுப் பலகாரம்: யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது? ஒரு முழுமையான வழிகாட்டி

2024ஆம் ஆண்டு தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 என்ற ஒரே நாளில் வந்தன. அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அன்று மாலை சமையலறை மேடை முழுவதும் முறுக்கும் மைசூர்பாகும் டப்பா டப்பாவாக நிறைந்திருக்க, வாசலில் எலும்புக்கூடாகவும் சூனியக்காரியாகவும் விண்வெளி வீரராகவும் வேடமிட்ட பிள்ளைகள் பையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பண்டிகை நாளில் வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தப் பைகளில் நம் பலகாரத்தில் இரண்டை எடுத்துப் போட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பே.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டில், தெருவின் வழக்கம் எதுவும் அறியாமல், எள்ளுருண்டைகளை வெள்ளித்தாளில் சுற்றி வந்த பிள்ளைகள் அனைவருக்கும் கொடுத்தேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரு தாய் திரும்பி வந்து, தம் மகனுக்கு எள் ஆகாது என்றும், உள்ளே இருப்பது என்னவென்று கேட்டுப் போகவே வந்ததாகவும் மிகுந்த மரியாதையுடன் சொன்னார். அவர் வந்து கேட்டார்; கேட்க வராத மற்ற வீடுகளில் அந்த உருண்டை என்ன ஆயிற்று என்ற எண்ணம் அன்றிரவு முழுவதும் என்னை உறங்கவிடவில்லை.

அதன் பிறகு நான் வந்தடைந்த முடிவு இது: முன்பின் அறியாத பிள்ளையின் பையில் வீட்டில் செய்த எந்த உணவையும் போடக் கூடாது, அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு, அதன் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டு, பெற்றோரின் கையிலேயே தாராளமாகக் கொடுக்கலாம். இந்த முடிவுக்கு அடிப்படையான காரணங்கள், பலரும் சொல்லும் காரணங்களிலிருந்து வேறானவை என்பதால், அவற்றை முதலில் விளக்கிவிட்டுப் படிப்படியான முறைக்கு வருகிறேன்.

விஷம் வைப்பவர்களைப் பற்றிய அச்சம்

வீடு வீடாகச் சென்று இனிப்புக் கேட்கும் வழக்கம் வட அமெரிக்காவில் 1920களிலும் 1930களிலும் பரவத் தொடங்கி, இரண்டாம் உலகப் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீட்டினால் தடைபட்டு, 1947இல் அந்தப் பங்கீடு முடிந்த பிறகு நாடெங்கும் வேரூன்றியது. அக்காலத்தில் பிள்ளைகளின் பையில் விழுந்தவற்றுள் பாகில் பிடித்த சோளப்பொரி உருண்டை, கேரமல் ஆப்பிள், குக்கீ, டோனட் என்று வீட்டில் செய்தவையும் நிறைய இருந்தன. ஆகவே வீட்டுத் தின்பண்டம் இந்தப் பண்டிகைக்கு அந்நியமானது அன்று. ஒரு காலத்தில் அதுவே அன்பின் அடையாளமாக இருந்தது.

அந்த நிலை மாறியதற்குச் சில நிகழ்ச்சிகள் காரணமாயின. 1964இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஒரு பெண், இனிப்புக் கேட்கும் வயதைத் தாண்டிவிட்டதாகத் தாம் கருதிய பதின்வயதினருக்கு, எறும்பு மருந்து, நாய் பிஸ்கட், பாத்திரம் தேய்க்கும் கம்பிச்சுருள் ஆகியவற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். எவருக்கும் தீங்கு நேரவில்லை என்றாலும் அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. 1974இல் டெக்சாஸ் மாநிலத்தில் ரொனால்ட் கிளார்க் ஓப்ரையன் என்பவர், காப்பீட்டுப் பணத்துக்காகத் தம் எட்டு வயது மகனுக்கே சயனைடு கலந்த மிட்டாயைக் கொடுத்துக் கொன்றுவிட்டு, யாரோ அயலார் கொடுத்தது என்று கதை கட்டினார். 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1982 இலையுதிர் காலத்தில் சிகாகோ பகுதியில் டைலனால் மாத்திரைகளில் சயனைடு கலக்கப்பட்டு ஏழு பேர் இறந்தபோது, சில வாரங்களில் வந்த ஹாலோவீனில் பல ஊர்கள் பிள்ளைகளை வெளியே அனுப்பவே தயங்கின.

டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் இத்தகைய செய்திகளைப் பல பத்தாண்டுகளாகத் தொகுத்து ஆராய்ந்து வருபவர். வழியோடு வந்த பிள்ளைக்கு முன்பின் அறியாத ஒருவர் ஹாலோவீன் இனிப்பில் விஷம் வைத்து, அதனால் அப்பிள்ளை இறந்தது அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்டது என்று உறுதிசெய்யப்பட்ட நிகழ்ச்சி ஒன்றைக்கூடத் தம்மால் காண முடியவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஓப்ரையன் பயன்படுத்தியது வீட்டுப் பலகாரத்தை அன்று, கடையில் வாங்கிய மிட்டாய்க் குழலை. தீங்கு செய்ய எண்ணியவரைக் கடை உறை தடுத்துவிடாது.

அந்த இரவின் உண்மையான ஆபத்து சாலையில் இருக்கிறது. 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துத் தரவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் வாய்ப்பு மற்ற மாலைகளைவிட ஹாலோவீன் மாலையில் 43 சதவீதம் கூடுதல் என்று காட்டியது. பையிலுள்ள இனிப்பில் ஊசியோ விஷமோ இருக்கிறதா என்று தேடுவதில் செலவிடும் கவலையில் பாதியை வேடத்தின்மேல் ஒளிரும் பட்டை ஒட்டுவதிலும், சிறு பிள்ளையின் கையைப் பிடித்துத் தெருவைக் கடப்பதிலும் செலவிடுவது நல்லது.

அப்படியானால் ஏன் கூடாது?

முதன்மையான காரணம் ஒவ்வாமை. அமெரிக்காவில் ஏறத்தாழ 13 பிள்ளைகளில் ஒருவருக்கு ஏதேனும் ஓர் உணவு ஒவ்வாமை உண்டு என்று அந்நாட்டு ஒவ்வாமை அமைப்புகள் கணக்கிடுகின்றன. கனடாவில் 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, நிலக்கடலையால் பிள்ளைகளுக்கு ஏற்படும் கடும் ஒவ்வாமைத் தாக்கங்கள் ஹாலோவீன் நாள்களில் மற்ற நாள்களைவிடத் தெளிவாகக் கூடியிருந்ததைக் கண்டறிந்தது. கடைப் பொட்டலத்தின் முதுகில் உள்ள சிறிய எழுத்துகளைப் படித்துப் பார்த்துத்தான் அப்பிள்ளைகளின் பெற்றோர் ஒவ்வொரு மிட்டாயையும் அனுமதிக்கிறார்கள். வெள்ளித்தாளில் சுற்றிய உருண்டையில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை.

நம் பலகாரங்களில் இது இன்னும் கூர்மையான சிக்கல். அமெரிக்கச் சட்டப்படி உறையில் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் ஒன்பது: பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, முந்திரி பாதாம் போன்ற மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா ஆகிய எட்டோடு, 2023 சனவரி முதல் எள்ளும் சேர்ந்துகொண்டது. கனடாவின் பட்டியலில் கடுகும் உண்டு. ஒரு சாதாரண முறுக்கை எடுத்துக்கொள்வோம்: எள் கண்ணுக்குத் தெரிகிறது, வெண்ணெய் வழியாகப் பால் வந்துவிட்டது தெரியாது, கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பது, அதை நாள்தோறும் பயன்படுத்தும் பலருக்கே தெரியாது. அரிசி மாவுப் பலகாரம் என்பதால் கோதுமை ஆகாத பிள்ளைக்கு நல்லது என்று நம்பி நாமே கொடுத்துவிடக் கூடும்.

இரண்டாவது காரணம் கிருமி. 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கேரமல் ஆப்பிள்களால் லிஸ்டீரியா தொற்று பரவி, 12 மாநிலங்களில் 35 பேர் நோயுற்றனர். அவர்களுள் ஏழு பேர் இறந்தனர், குறைந்தது மூன்று இறப்புகளில் அந்தத் தொற்றுக்குப் பங்கு இருந்தது. கேரமலில் கிருமி வளரப் போதிய ஈரம் இல்லை, ஆப்பிளோ புளிப்பானது. ஆனால் குச்சியைக் குத்தும்போது கசியும் சாறு, கேரமலுக்கும் தோலுக்கும் இடையில் மெல்லிய ஈரப் படலமாகத் தங்க, அறை வெப்பநிலையில் அங்கே லிஸ்டீரியா விரைவாகப் பெருகுகிறது என்று விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். அந்த ஆப்பிள்களும் கடையில் விற்கப்பட்டவையே. ஆனால் கடைச் சரக்கில் தவறு நேர்ந்தால் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போய்த் திரும்பப் பெற வழி இருக்கிறது; இருட்டில் முகமூடியோடு வந்துபோன பிள்ளையை நாம் எங்கே தேடுவோம்?

மூன்றாவது காரணம் எளியது. கடையில் உறையிடப்படாத எதையும் பெற்றுக்கொள்ளவோ உண்ணவோ வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுமாறு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே பெற்றோருக்கு அறிவுறுத்துகிறது. எனவே நாம் இரண்டு நாள் நின்று சுட்ட தட்டை, பெரும்பாலான வீடுகளில் அன்றிரவே குப்பைக்குப் போகும். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அவர்கள் நிலையில் நானும் அதையே செய்வேன்.

முதற்படி: வருபவர்களை இரண்டாகப் பிரித்தல்

அக்டோபர் நடுவிலேயே தாளை எடுத்து, பெற்றோரின் தொலைபேசி எண் உங்களிடம் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை எழுதுங்கள். அளவுகோல் இதுவே. பேருந்து நிறுத்தத்தில் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் போதாது. நள்ளிரவில் ஓர் ஐயம் எழுந்தால் உங்களை அழைத்துக் கேட்கக்கூடியவராக அந்தப் பெற்றோர் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பெயர்கள் தேறும். இந்தப் பட்டியலுக்கு மட்டுமே வீட்டுப் பலகாரம். மற்ற அனைவருக்கும் கடைப் பொட்டலம்.

இரண்டாம் படி: மற்றவர்களுக்கு வாங்குதல்

எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பது தெருவுக்குத் தெரு மாறுபடும் என்பதால், அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்த அண்டை வீட்டாரிடம் கேட்பதே சிறந்த வழி. வாங்கும்போது, ஒவ்வொரு சிறு பொட்டலத்தின்மேலும் உட்பொருள் பட்டியல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிப்பையில் மட்டும் அச்சிட்டு உள்ளே வெறும் பெயரோடு விற்பவையும் உண்டு. ஒரே சாக்லேட்டின் பெரிய கட்டிக்கும் சிறிய பண்டிகைக் கட்டிக்கும் உட்பொருளோ தயாரிப்பிடமோ வேறாக இருக்கக் கூடும் என்பதால், பழகிய பெயர் என்று நம்பிவிடாமல் அந்தப் பையையே படியுங்கள். நிலக்கடலை கலந்ததை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. வாங்கினாலும் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் வருவார்கள். கெட்டியான மிட்டாய், முழுக் கொட்டைகள், சோளப்பொரி ஆகியவை அவர்களுக்குத் தொண்டையில் அடைக்கக்கூடியவை.

மூன்றாம் படி: உண்ண முடியாத பரிசுகள்

2012இல் கிழக்கு டென்னசியிலுள்ள ஓர் உணவு ஒவ்வாமைக் குழு, பூசணிக்காய்க்கு நீலப்பச்சை வண்ணம் பூசி வாசலில் வைத்து, இந்த வீட்டில் உண்பொருள் அல்லாத பரிசும் கிடைக்கும் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தொடங்கியது. 2014இல் அது நாடு முழுவதற்குமான இயக்கமாயிற்று. ஒளிரும் வளையல், பென்சில், ஒட்டுப்படம், சிறு நோட்டுப் புத்தகம் போன்றவற்றை மலிவாக மொத்தமாக வாங்கி ஒரு தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும். மிட்டாய்க் கிண்ணத்திலேயே அவற்றையும் போட்டுவிடாதீர்கள்; பிய்ந்த உறையிலிருந்து உதிரும் துகளே சில பிள்ளைகளுக்குத் தீங்கானது. என் எள்ளுருண்டையைப் பற்றிக் கேட்க வந்த அந்தத் தாயின் மகன், அடுத்த ஆண்டு எங்கள் வாசலில் அந்த வண்ணப் பூசணியைக் கண்டதும் ஓடி வந்து ஒளிரும் வளையலை எடுத்துக்கொண்டான்.

நான்காம் படி: அறிந்தவர்களுக்குச் சமைத்தல்

உங்கள் உழைப்பையும் கவனத்தையும் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரு வாரத்துக்கு முன்பே ஒவ்வொரு பெற்றோருக்கும் செய்தி அனுப்பிக் கேளுங்கள்: வீட்டில் யாருக்காவது ஏதேனும் உணவு ஆகாதா, சமயக் கட்டுப்பாடு உண்டா, வீட்டில் செய்ததைப் பிள்ளைக்குக் கொடுக்க விரும்புகிறீர்களா? ஒருவர் மறுத்தாலோ மழுப்பினாலோ அத்தோடு விட்டுவிடுங்கள். வற்புறுத்தி உபசரிப்பது நம் ஊரில் அன்பு எனப்பட்டாலும், ஒவ்வாமையுள்ள பிள்ளையை வளர்ப்பவருக்கு அது பெருஞ்சுமை.

எதைச் செய்வது என்று தேர்ந்தெடுக்கும்போது ஈரம் குறைந்ததைத் தேடுங்கள். முறுக்கு, தட்டை, ஓமப்பொடி போன்ற பொரித்த கார வகைகளும், நன்கு பதம் வந்த மைசூர்பாகும், மொறுமொறுப்பாகச் சுட்ட குக்கீயும் அறை வெப்பநிலையில் பல நாள் தாங்கும். பால்கோவா, பால் தெளித்துப் பிடித்த ரவா லட்டு, பச்சைத் தேங்காய் சேர்ந்தவை, கிரீம் சீஸ் தடவிய பூசணி கேக், குச்சி குத்திய கேரமல் ஆப்பிள் ஆகியவை கூடாது. அவை நாலைந்து மணி நேரம் பையில் குலுங்கி, மறுநாளும் மேசையிலேயே கிடக்கக்கூடிய உணவுகள் அல்ல. கடலை மிட்டாயையும் முந்திரி பர்பியையும் உங்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். குக்கீ மாவை வழித்துத் தின்னும் பழக்கம் பிள்ளைகளுக்கு இருந்தால், சுடாத மாவிலும் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதைச் சொல்லித் தடுங்கள்.

சமைப்பவருக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால், அது நின்று இரண்டு நாள் ஆகும்வரை பிறருக்கென்று எதையும் செய்யக் கூடாது. ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கென்று தனியாகச் செய்வதாக இருந்தால் பொருளை நீக்குவது மட்டும் போதாது. முன்பு நிலக்கடலை அரைத்த மிக்சி, எள் வறுத்த வாணலி, ஒரு முறை பொரித்த எண்ணெய் ஆகியவற்றின் வழியாகவும் அது வந்து சேரும், பொரிக்கும் சூட்டில் அழிந்துவிடாது. செக்கில் ஆட்டிய கடலெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அந்தந்த வித்தின் புரதம் தங்கியிருக்கும். என்னைக் கேட்டால், கடும் ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு நம் சமையலறையில் எதையும் செய்யாமல், மூன்றாம் படியில் சொன்ன பரிசைக் கொடுப்பதே அந்தப் பிள்ளைக்குச் செய்யும் மரியாதை.

ஐந்தாம் படி: சீட்டு எழுதுதல்

ஒவ்வொரு பொட்டலத்திலும் உங்கள் பெயர், தொலைபேசி எண், செய்த தேதி, முழு உட்பொருள் பட்டியல், சமையலறையில் கையாளப்படும் மற்ற ஒவ்வாமைப் பொருள்கள் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். பெறுபவர் படிக்கும் மொழியில் எழுதுங்கள். இங்கே நம் மொழியின் ஒரு சிக்கல் குறுக்கிடும்: கடலை என்ற ஒரே சொல் நிலக்கடலைக்கும் கொண்டைக்கடலைக்கும் வருகிறது. கடலை மாவு கொண்டைக்கடலையிலிருந்து வருவது, கடலெண்ணெய் நிலக்கடலையிலிருந்து வருவது என்பது நமக்குச் சொல்லாமலே விளங்கும். மொழிபெயர்த்து எழுதும்போது கை தவறினால், ஆகக்கூடிய பொருளைக் கண்டு ஒருவர் அஞ்சுவார், ஆகாத பொருளை இன்னொருவர் உண்பார். முன்னதை ‘சிக்பீ’ என்றும் பின்னதை ‘பீநட்’ என்றும் பிரித்தே எழுதுங்கள். அதேபோல் நல்லெண்ணெயை ‘செசமி’ என்றும், நெய்யைப் பாற்பொருள் என்றும், பெருங்காயத்துக்குப் பக்கத்தில் கோதுமை என்றும் எழுத மறக்க வேண்டாம்.

ஆறாம் படி: கொடுக்கும் நேரமும் கையும்

வீட்டுப் பலகாரத்தை அக்டோபர் 31 மாலையில் பிள்ளையின் பையில் போடாதீர்கள். பட்டியலில் உள்ள பிள்ளையே ஆனாலும், பையில் விழுந்துவிட்டால் அது நூறு மிட்டாய்களோடு கலந்துவிடும். நண்பர்களோடு மாற்றிக்கொள்ளும்போது வேறு பிள்ளையின் கைக்கும் போகும். முந்தைய நாளோ மறுநாளோ பெற்றோரின் கையில் கொடுங்கள். பள்ளிக்குக் கொடுத்தனுப்ப விரும்பினால் முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். கடையில் உறையிட்டவற்றை மட்டுமே ஏற்கும் பள்ளிகள் ஏராளம்.

பண்டிகை மாலையில், வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்றும், அணைந்திருந்தால் வர வேண்டாம் என்றும் பொருள். கிண்ணத்தைப் பிள்ளைகளின் கண் எதிரே நீட்டி, அவர்களையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தனக்கு ஆகாததைத் தவிர்க்கப் பழகிய பிள்ளை அங்கேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். சில பிள்ளைகள் பேச மாட்டார்கள், சிலர் வேடம் இல்லாமலும் வருவார்கள். காரணம் கேட்காமல் கொடுங்கள்.

ஏழாம் படி: உங்கள் பிள்ளை கொண்டுவரும் பை

வெளியே அனுப்பும் முன் வயிறு நிறைய இரவுணவு கொடுத்து, வீடு திரும்பும்வரை எதையும் வாயில் போடக் கூடாது என்று சொல்லியனுப்புங்கள். வந்ததும் வெளிச்சத்தில் பையைக் கொட்டி, கிழிந்த உறை, சிறு துளை, நிறமாற்றம், உறையே இல்லாதவை ஆகியவற்றை நீக்குங்கள். வீட்டில் செய்த பொட்டலம் ஒன்று கிடந்தால், கொடுத்தவர் யார் என்று அறிந்து அவரிடம் பேச முடிந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல், யாரோ அன்போடு செய்தது என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, அவன் கண் முன்னே ஏளனம் செய்யாமல், தனியே எடுத்துக் களையுங்கள்.

உண்டபின் உடலெங்கும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், தொடர் வாந்தி, குரல் மாற்றம், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், கடும் ஒவ்வாமைக்கான எபிநெஃப்ரின் ஊசி கையில் இருந்தால் உடனே தொடையில் செலுத்தி, 911 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். சற்றுப் பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. ஊசி போட்டபின் பிள்ளை தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குச் சென்றே ஆக வேண்டும், ஏனெனில் சில மணி நேரத்துக்குள் தாக்கம் மீண்டும் வரக் கூடும். அப்போது அந்த இனிப்பின் உறையையோ, அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டையோ மறக்காமல் கையில் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று, பிள்ளை என்ன உண்டது என்பதாகவே இருக்கும்.